ஒர்க்ஸ்டேஷன் கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் கூலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெண்டரிங், சிமுலேஷன், ஏஐ மாடல் பயிற்சி என்று நாள் கணக்கில் முழுச் சுமையில் ஓடும் கார்டுகளை வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. வாட்டர் கூலிங் என்றால், கார்டின் மேல் வாட்டர் பிளாக் என்ற உலோகக் கட்டையைப் பொருத்தி, அதற்குள் பம்பால் தண்ணீரை ஓடவிட்டு, அது எடுத்து வரும் சூட்டை ரேடியேட்டர் வழியாக வெளியேற்றுவது; தண்ணீர் ஓடும் இந்த மூடிய பாதையைத்தான் ‘சுற்று’ என்கிறேன். உதாரணத்துக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ6000 கார்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2020-இல் அறிவிக்கப்பட்டது, 48 ஜிபி நினைவகம், 300 வாட் மின்சாரம், சூடான காற்றைக் கேபினெட்டின் பின்பக்கமாக வெளியே தள்ளும் ஒற்றை புளோயர் ஃபேன். கேம் விளையாடும் கார்டுக்கு வாட்டர் கூலிங் போடுவது பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலைக்கான கார்டில் காரணங்களும் வேறு, கவனிக்க வேண்டியவையும் வேறு.

வாட்டர் கூலிங் போட்டால் கார்டு வேகமாகுமா?

கொஞ்சம்தான் ஆகும். வேகத்துக்காக மட்டும் இதில் பணம் போட நினைத்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏ6000-இன் உச்ச மின்வரம்பு 300 வாட். டிரைவர் வழியாக அந்த வரம்பைக் குறைக்கலாம், ஏற்ற முடியாது. கேம் கார்டில் குளிர்ச்சி கூடினால் வரம்பை உயர்த்தி இன்னும் விரட்டலாம். இங்கே அந்தக் கதவு மூடியிருக்கிறது. முழுச் சுமையில் கார்டு பெரும்பாலான நேரம் அந்த 300 வாட்டில் முட்டிக்கொண்டுதான் நிற்கும்.

ஆனாலும் ஒரு சின்ன ஆதாயம் உண்டு. சிலிக்கான் சூடாக ஆக, வேலை எதுவும் செய்யாமலே கசியும் மின்சாரம் கூடுகிறது. சிப்பைக் குளிர்ச்சியாக வைத்தால் அந்தக் கசிவு குறைந்து, அதே 300 வாட்டுக்குள் கிளாக், அதாவது சிப் இயங்கும் வேகம், கொஞ்சம் மேலே நிற்கும். அப்புறம், வெப்பம் ஏற ஏற என்விடியா கார்டுகள் கிளாக்கை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறக்கும்; அந்த இறக்கமும் குறையும். இரண்டையும் சேர்த்தாலும், ஏற்கெனவே நல்ல காற்றோட்டத்தில் இருக்கும் ஒற்றைக் கார்டில் சில சதவீதத்தைத் தாண்டாது.

அப்படியானால் எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

முதல் காரணம் இடம். ஏ6000 இரண்டு ஸ்லாட் (மதர்போர்டில் கார்டு செருகும் இடம்) தடிமன். ஏழு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் காற்றுக் குளிர்ச்சியோடு நான்கு கார்டுகள்தான் பொருத்த முடியும். அதிலும் நடுவில் உள்ளவை பக்கத்துக் கார்டின் சூட்டுக்கு நடுவே மூச்சுத் திணறும். வாட்டர் பிளாக் போட்ட கார்டு ஒரே ஸ்லாட்டில் அடங்கிவிடும். இது வீட்டில் பரிசோதனை செய்பவர்களின் கண்டுபிடிப்பு இல்லை. 2022 மே மாதம் என்விடியாவே டேட்டா சென்டர்களுக்கான ஏ100 80 ஜிபி கார்டின் திரவக் குளிர்ச்சி வடிவத்தை அறிவித்தபோது, காற்றில் இரண்டு ஸ்லாட் எடுத்தது தண்ணீரில் ஒரே ஸ்லாட்டில் அடங்குகிறது என்பதை முக்கியமாகச் சொன்னது. 2024-இல் அறிவித்த ஜிபி200 என்விஎல்72 ரேக்கில் 72 ஜிபியுக்களையும் (கிராபிக்ஸ் சிப்களையும்) திரவத்தால்தான் குளிர்விக்கிறார்கள்.

இரண்டாவது சத்தம். புளோயர் ஃபேன் முழு வேகத்தில் போடும் இரைச்சலைப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடிட்டிங், ஒலிக்கலவை நடக்கும் அறையில் இது வேலையையே கெடுக்கும்.

மூன்றாவது சீரான ஓட்டம். நான்கு கார்டுகளில் ஒரு மாடலைப் பயிற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் மெதுவான கார்டுக்காக மற்ற மூன்றும் காத்திருக்கும். சூட்டில் ஒரே ஒரு கார்டு பின்தங்கினால் போதும், நான்கு கார்டுக்கும் கொடுத்த பணம் அந்த ஒன்றின் வேகத்தில் ஓடும். தண்ணீர் எல்லாக் கார்டுகளையும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் வைக்கும். தனிக் கார்டில் தெரியாத ஆதாயம் பல கார்டுகளில் தெரிவது இதனால்தான்.

என் கார்டு சூட்டால்தான் வேகம் குறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைக் கேட்டால், கிளாக் ஏன் குறைந்திருக்கிறது என்ற காரணங்களைப் பட்டியலாகக் காட்டும். உங்கள் வழக்கமான வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ‘பவர் கேப்’ என்ற வரி மட்டும் செயலில் இருந்தால் கார்டு மின்வரம்பில் நிற்கிறது. தண்ணீரால் பெரிதாக மாறாது. ‘தெர்மல் ஸ்லோடவுன்’ வரி செயலில் இருந்தால் சூடுதான் பிரச்சினை. பல கார்டு இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். நடுக் கார்டு 85 டிகிரியும் ஓரத்துக் கார்டு 70 டிகிரியும் காட்டினால், அது காற்றோட்டப் பிரச்சினை.

பணம் செலவழிக்காமல் வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். அதே கட்டளையால் மின்வரம்பை 300-லிருந்து 250 வாட்டுக்கு இறக்குங்கள். மின்சாரம் ஆறில் ஒரு பங்கு குறையும். வேகம் அந்த அளவுக்குக் குறையாது, ஏனென்றால் உச்சியில் இருக்கும் கடைசி சில மெகாஹெர்ட்ஸ்தான் மின்சாரத்தை அதிகமாகத் தின்னும். தூசியைச் சுத்தம் செய்யுங்கள், கார்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்லாட் விட முடிந்தால் விடுங்கள், கேபினெட்டின் முன்பக்கம் காற்றை உள்ளிழுக்கும் ஃபேன் போதுமா என்று பாருங்கள். இரண்டு கார்டு வரைக்கும் பலருக்கு இதுவே போதும்.

ஆர்டிஎக்ஸ் 3090 என்ற கேம் கார்டுக்கான வாட்டர் பிளாக்கை ஏ6000-இல் போடலாமா?

கூடாது. இரண்டிலும் இருப்பது ஜிஏ102 என்ற ஒரே குடும்பத்துச் சிப் என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. சிப் ஒன்றுதான், அதைச் சுற்றியுள்ள போர்டு வேறு. மின்சாரப் பகுதியின் அமைப்பு, திருகுத் துளைகள், உயரமான பாகங்கள் நிற்கும் இடம் எல்லாம் மாறும். ஏ6000-க்கு மின்சாரம் வாலில், அதாவது கார்டின் பின்முனையில் நுழைகிறது. கேம் கார்டுகளில் பெரும்பாலும் மேல்விளிம்பில்.

ஆகவே உங்கள் கார்டின் பெயரைச் சொல்லியே விற்கப்படும் பிளாக்கை மட்டும் வாங்குங்கள். ஆல்பாகூல், பைக்ஸ்கி, ஈகே போன்ற நிறுவனங்கள் தொழில்முறை கார்டுகளுக்கென்று தனி பிளாக்குகள் செய்திருக்கின்றன. வாங்கும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: ஒற்றை ஸ்லாட் பிராக்கெட் கூட வருகிறதா, தண்ணீர் நுழையும் முனைகள் உங்கள் கேபினெட்டில் எந்தப் பக்கம் பார்க்கும், என்விலிங்க் விளிம்பு மறைபடாமல் இருக்கிறதா. ஏ6000-இல் இரண்டு கார்டுகளை இணைக்கும் என்விலிங்க் பாலம் குறிப்பிட்ட ஸ்லாட் இடைவெளிகளுக்குத்தான் கிடைக்கிறது. ஒற்றை ஸ்லாட் ஆக்கிவிட்டோம் என்று இரண்டையும் ஒட்டிப் போட்டால் பாலம் உட்காராது.

புதிய கார்டுகளுக்கும் இதே கதைதானா?

ஆர்டிஎக்ஸ் 6000 ஏடா கார்டும் 300 வாட், புளோயர்தான். ஆனால் என்விலிங்க் இல்லை, மின் இணைப்பு 16 பின். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 பிளாக்வெல்தான் கணக்கை மாற்றியது. 96 ஜிபி நினைவகம், ஒர்க்ஸ்டேஷன் பதிப்புக்கு 600 வாட். அதன் ஃபேன்கள் காற்றைக் கார்டுக்கு ஊடாகச் செலுத்திக் கேபினெட்டுக்குள்ளேயே விடும். அப்படி இரண்டு கார்டை அடுக்கினால் கீழே இருப்பது கக்கும் சூட்டை மேலே இருப்பது இழுக்கும். பல கார்டு வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்றால் 300 வாட் மேக்ஸ்-க்யூ பதிப்பை வாங்குங்கள். 600 வாட் கார்டுகளை ஒன்றுக்கு மேல் போட்டே ஆக வேண்டும் என்றால், தண்ணீரை முதலிலிருந்தே திட்டத்தில் சேர்ப்பதுதான் என் யோசனை.

சிப்பை மட்டும் குளிர்வித்தால் போதாதா?

போதாது. 300 வாட்டும் சிப்பில் மட்டும் செலவாவதில்லை. நினைவகச் சில்லுகளும் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியும் கணிசமாகச் சூடாகும். புளோயரைக் கழற்றியதும் அவற்றின் மேல் ஓடிய காற்றும் நின்றுபோகும். அதனால் முழு போர்டையும் மூடும் ‘ஃபுல் கவர்’ பிளாக்தான் வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஏ6000-இன் 48 ஜிபி, 24 சில்லுகளாகப் போர்டின் இரண்டு பக்கமும் பிரிந்திருக்கிறது. முன்பக்கத்துக்குத் தண்ணீர் கிடைக்கும். பின்பக்கத்துச் சில்லுகளுக்கு பேக்பிளேட் (போர்டின் பின்பக்கத்தை மூடும் தகடு) மட்டும்தான் துணை. தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை) வைத்த தடிமனான உலோக பேக்பிளேட்டை விட்டுவிடாதீர்கள், அதன் மேல் கொஞ்சமாவது காற்று ஓடட்டும்.

எவ்வளவு ரேடியேட்டர் வேண்டும்? சென்னை மாதிரி ஊரில் இது சரிப்படுமா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு ஏ6000, ஒரு 280 வாட் த்ரெட்ரிப்பர் ப்ரோ சிபியு. மொத்தம் 880 வாட். ஃபேன் அதிகம் சத்தம் போடாமல், தண்ணீர் அறையை விட 10 டிகிரி அளவு மட்டும் சூடாக இருக்க வேண்டும் என்றால், 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் பரப்பு ஒன்றுக்கு 100 வாட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. ஆக ஒன்பது பரப்பு, அதாவது மூன்று 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர்கள். சத்தம் பரவாயில்லை என்றால் இரண்டிலும் ஓட்டலாம்.

இனி வெயில். ரேடியேட்டர் தண்ணீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. ஏசி அறையில் 28 டிகிரி என்றால் தண்ணீர் 38 அளவில் நிற்கும்; சிப் தண்ணீரை விடப் பொதுவாக 10 முதல் 15 டிகிரி மேலே இருக்கும், ஆகவே 50 சொச்சம். மே மாதம் ஏசி இல்லாத அறையில் 38 டிகிரி என்றால் தண்ணீர் 48, சிப் 60 சொச்சம். அப்போதும் புளோயர் காட்டும் 80-க்கும் மேலான எண்ணை விட இது நல்ல நிலைதான்.

வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஜெர்மனியில் மியூனிக் அருகே கார்கிங் ஊரில் உள்ள லைப்னிட்ஸ் கணினி மையத்தில் 2012-இல் தொடங்கிய சூப்பர்மக் கணினியை 45 டிகிரி வரையான தண்ணீரால் குளிர்விக்கும்படிதான் வடிவமைத்தார்கள். சிப்பைப் பொறுத்தவரை 45 டிகிரி குளிர்ச்சியே. கவலை சிப்புக்கு இல்லை, பம்புக்கும் டியூபுக்கும்தான். பரவலாகப் பயன்படும் டி5 பம்புக்குத் திரவத்தின் உச்ச வெப்பம் 60 டிகிரி. கோடையில் தண்ணீர் 50-ஐத் தாண்டுகிறது என்றால் ரேடியேட்டரைக் கூட்டுங்கள்.

தண்ணீர் போட்டால் அறையின் சூடு குறையுமா?

குறையாது. கார்டு 300 வாட் எடுத்தால் 300 வாட்டும் அறைக்குத்தான் வரும்; காற்றில் வந்தாலும் தண்ணீரில் வந்தாலும் அளவு ஒன்றே. நான்கு கார்டும் சிபியுவும் சேர்ந்து சுமார் 1,500 வாட். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும்; ஆகவே கிட்டத்தட்ட அரை டன் இந்தப் பெட்டிக்கு மட்டுமே போய்விடும். ஏசி வாங்கும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சில்லர் வைத்துத் தண்ணீரை இன்னும் குளிராக்கலாமா?

வேண்டாம். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 24 டிகிரிக்குக் கீழே போகும் எதன் மேலும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். கடற்கரை ஊர்களில் இந்த எல்லையைத் தொடுவது ரொம்ப எளிது. குழாய் ஒழுகாமலே கார்டு நனைந்துவிடும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது? ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லையா?

ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைந்திருக்குமே தவிரப் போயிருக்காது. போர் தண்ணீர், கார்ப்பரேஷன் தண்ணீர் பேச்சே வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரி தண்ணீரின் தரமும் கேனுக்குக் கேன் மாறும். ஆய்வகத் தரமுள்ள டிஸ்டில்டு வாட்டர் கிடைத்தால் அதை வாங்கி, துருத்தடுப்பும் பாசிக்கொல்லியும் உள்ள கான்சன்ட்ரேட்டைச் சொன்ன அளவில் கலந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கிளைக்கால் கலந்த ரெடிமேட் கூலண்ட். வேலைக்கான இயந்திரத்துக்கு நிறமில்லாத, ஒளி ஊடுருவும் கூலண்ட்தான் என் தேர்வு. பால் போலத் தெரியும் ‘பேஸ்டல்’ வகைகளில் நுண்துகள்கள் மிதக்கும். பிளாக்குக்குள் இருக்கும் மயிரிழைக் கால்வாய்களில் அவை படிந்து அடைத்துக்கொள்ளும்.

அதை விட முக்கியம் உலோகம். செம்பு பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே சுற்றில் சேர்க்கவே கூடாது. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே ஒரு திரவம் என்றால் அது ஒரு பேட்டரிதான். அலுமினியம் அரித்துக் கரையும். விலை குறைவான ரேடியேட்டர்கள் பலவும் அலுமினியம் என்பதால் வாங்கும் முன் கேட்டு உறுதி செய்யுங்கள். பாசி வராமல் இருக்கத் தொட்டியில் வெள்ளிச் சுருள் போடும் பழைய வழக்கத்தையும் நிக்கல் பூச்சுள்ள பிளாக்கோடு தவிர்த்துவிடுங்கள்.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைப்பின் மிச்சங்கள் இருக்கும். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரால் பலமுறை குலுக்கிக் கழுவாமல் இணைக்க வேண்டாம்.

கண்ணாடி போன்ற கடினக் குழாயா, வளையும் குழாயா?

வளையும் கறுப்பு இபிடிஎம் ரப்பர் குழாய். அழகு குறைவுதான். ஆனால் ஒளி புகும் பிவிசி குழாய் காலப்போக்கில் கசியவிடும் பிளாஸ்டிசைசர் (குழாயை வளையச் செய்யச் சேர்க்கும் ரசாயனம்) பிளாக்கை அடைக்கும். இபிடிஎம்மில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு கார்டுக்கும் கழற்றினாலும் சொட்டாத க்விக் டிஸ்கனெக்ட் இணைப்பைச் சேர்த்துவிட்டால், ஒரு கார்டு பழுதானால் முழுச் சுற்றையும் வடிக்காமல் அதை மட்டும் எடுக்கலாம். விலை அதிகம், ஆனால் சேமிக்க வேண்டிய இடம் இது இல்லை.

கார்டுகளைத் தொடராக இணைப்பதா, இணையாகவா?

இரண்டு கார்டு வரை எப்படியும் சரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4.18 கிலோஜூல் வேண்டும். இரண்டு கார்டின் 600 வாட், நிமிடத்துக்கு 36 கிலோஜூல். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் தண்ணீர் இரண்டையும் கடந்து வரும்போது இரண்டு டிகிரிதான் ஏறியிருக்கும். நான்கு, ஏழு என்று போகும்போது தடையைக் குறைக்க இணையாகப் பிரிக்கும் மேனிஃபோல்டு நல்லது.

பொருத்தும்போது எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் தெர்மல் பேடின் தடிமனில். பிளாக்கின் கையேடு எந்தச் சில்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று படத்தோடு சொல்லும். ஒரு மில்லிமீட்டர் சொன்ன இடத்தில் ஒன்றரை வைத்தால், அந்தப் பேட் பிளாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். சிப்புக்கும் செம்புக்கும் நடுவே இடைவெளி விழும். நினைவகம் குளிர்ச்சியாக இருக்கும், சிப் கொதிக்கும். முதல் முறை பொருத்திவிட்டு மறுபடி கழற்றி, சிப்பின் மேல் தடவிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் எல்லா மூலைக்கும் பரவியிருக்கிறதா, பேடுகளில் சில்லின் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது நேர விரயம் இல்லை.

சிப்புக்கு, மாதக்கணக்கில் சூடாகி ஆறும் வேலையில் ஓரத்துக்குப் பிதுங்கி வெளியேறாத பொருளாக வேண்டும். ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற தகடு இதற்குப் பொருத்தமானது. முதல் சில சுற்றுச் சூட்டில் அது இளகிப் படியும், அதனால் முதல் நாள் எண்களை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

திருகுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பழைய கூலரை அப்படியே திருகு, பேடுகளோடு ஒரு பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள்.

ஒழுகினால் என்ன ஆகும்?

இந்தப் பயம் நியாயமானது, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கார்டு. சுத்தமான தண்ணீர் மின்சாரம் கடத்தாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். சுற்றில் கொஞ்ச நாள் ஓடினாலே உலோகத்திலிருந்து அயனிகள் கரைந்து அது கடத்த ஆரம்பித்துவிடும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் காற்றால் சோதியுங்கள். சின்னக் கைப்பம்பும் அழுத்தமானியும் உள்ள லீக் டெஸ்டர் கிடைக்கிறது. பிளாக், ரேடியேட்டர் தயாரிப்பாளர்கள் சொன்ன எல்லைக்குள் சுமார் 0.5 பார் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் ஏதோ ஒரு ஃபிட்டிங் சரியில்லை. முள் அசையவில்லை என்றால் தண்ணீர் ஊற்றி, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, இணைப்புகளுக்குக் கீழே டிஷ்யூ தாள் விரித்து ஒரு நாள் ஓட்டுங்கள். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் அதுவரை மின்சாரம் போகக் கூடாது.

வேலை நின்றால் பெரிய நஷ்டம் என்கிற இடங்களில் அக்வா கம்ப்யூட்டரின் லீக்‌ஷீல்டு போன்ற சாதனத்தை யோசிக்கலாம். சுற்றுக்குள் அழுத்தத்தை வெளிக்காற்றை விடக் குறைவாக வைத்திருக்கும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வராமல் காற்று உள்ளே போகும்.

எப்படியோ நனைந்துவிட்டால் உடனே எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, கார்டைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். மின்சாரம் ஓடாத நேரத்தில் நனைந்த கார்டுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

பம்ப் நடுராத்திரியில் நின்றுபோனால்?

கார்டு தன் வெப்ப எல்லையில் கிளாக்கை வெட்டும், அதற்கும் மேலே போனால் தன்னை அணைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. ஆனால் அதுவரை தேங்கிய தண்ணீர் சூடாகிக்கொண்டே இருக்கும். ஃப்ளோ சென்சர் ஒன்றைப் போட்டு, ஓட்டம் நின்றால் கணினி தானே அணையும்படி வையுங்கள். ஆளில்லாமல் இரவெல்லாம் ஓடும் இயந்திரத்தில் இரண்டு பம்புகளைத் தொடராகப் போடுவது நல்லது.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியது?

ஏ6000-இல் இருப்பது மதர்போர்டின் சிபியுவுக்குப் போகும் வகை 8 பின் இணைப்பு. கேம் கார்டுகளின் 8 பின் இணைப்பும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தி நுழைக்காதீர்கள். 16 பின் கார்டுகளில் கனெக்டர் கடைசி வரை உட்கார்ந்ததா என்று கண்ணால் பாருங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090-களில் அவை உருகியது செய்தியானது. வாட்டர் பிளாக் கேபிளைக் குளிர்விக்காது. வீட்டு வயரிங்கையும் மறக்க வேண்டாம். ஏழு கார்டுக்கு மட்டுமே 2,100 வாட். 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் லைன் தனியாக வேண்டும்.

பராமரிப்பு எவ்வளவு?

மாதம் ஒரு முறை தொட்டியின் அளவையும் நிறத்தையும் பார்ப்பது, ரேடியேட்டர் தூசி தட்டுவது, ஆண்டுக்கு ஒரு முறை கூலண்ட் மாற்றுவது. அதே சுமையில் சிப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். அது மெல்ல ஏறினால் பிளாக் அடைக்கிறது அல்லது பேஸ்ட் போய்விட்டது. இதற்கு ஆள் இல்லாத அலுவலகத்தில் வாட்டர் கூலிங் வைக்க வேண்டாம்.

வாரண்டி போய்விடுமா? பின்னால் விற்க முடியுமா?

கூலரைக் கழற்றினால் வாரண்டி மறுக்கப்படலாம் என்று வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அமெரிக்காவில் 2018-இல், ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போகும் என்ற வாசகங்கள் சட்டத்துக்கு முரணானவை என்று ஃபெடரல் வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஆனால் தண்ணீரால் வந்த சேதத்தை எந்த ஊரிலும் யாரும் ஏற்க மாட்டார்கள். வாரண்டி முக்கியம் என்றால் வாட்டர் கூலிங்கோடு முழு இயந்திரமாகவே விற்கும் கொமினோ போன்ற நிறுவனங்களிடம் வாங்கலாம்.

விற்கும்போது பழைய கூலரைப் புதுப் பேடுகளோடு திரும்பப் பொருத்தி, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, வெப்ப எண்களைப் படம் பிடித்துக் கொடுங்கள். வாங்குபவரிடம் கார்டு தண்ணீரில் ஓடியது என்று சொல்லிவிடுங்கள்; நினைவகமும் மின்பகுதியும் குறைந்த சூட்டில் இருந்த கார்டு என்பதால், விவரம் தெரிந்தவர்கள் அதைக் குறையாக எடுக்க மாட்டார்கள்.